பைண்டிங் ஆன பிறகு யார் படிக்கிறார்கள்?

நான் எம்.லிஸ். என்ற நூலகவியல் முதுகலை படித்த துறையின் முன்னாள் மாணவர் சங்கம் வருஷா வருஷம் ஒரு பரிசு கொடுக்கிறது. இறுதி செமஸ்டர் பிராஜெக்டுகளில் சிறந்ததற்கு ஐயாயிரம் ரூபாய், ஒரு ஷீல்டு, ஒரு சான்றிதழ். பெரிய தொகை ஒன்றும் இல்லை. பிரிண்ட் அவுட், ரெக்ஸின் பைண்டிங், முதுகில் தங்க எழுத்து, வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னலுக்குச் சால்வை, வடை, காபி என்று பிள்ளைகள் செலவழிப்பதே அதில் பாதியைத் தொட்டுவிடும். ஆனாலும் அந்தப் பரிசுக்கு ஒரு மரியாதை உண்டு. கல்லூரி நூலகர் வேலைக்கு நேர்காணல் போகும்போது சொல்லிக்கொள்ள ஒரு வரி கிடைக்கிறது. பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு நூறு பேர் வரிசையில் நிற்கிற காலத்தில் அந்த ஒரு வரி சும்மா இல்லை.

இந்த வருஷம் தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். மொத்தம் மூன்று பேர். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் எங்கள் சீனியர் ஒருவர். தெற்கே ஓர் உதவி பெறும் கல்லூரியில் நூலகராகக் காலம் தள்ளும் நான். யார் பெயரும் வேண்டாம். நன்றாகவே சண்டை போட்டிருக்கிறோம்.

நூலகத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் முதுகலை பிராஜெக்ட் என்றால் பெரும்பாலும் இரண்டே வகைதான். முதல் வகை, சர்வே. "தலைப்பு: இன்ன மாவட்டத்தில் உள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களிடையே மின்வளங்களின் பயன்பாடு." கூகுள் ஃபார்மில் இருபது கேள்வி, வாட்ஸாப்பில் சுற்றுக்கு விடுவது, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி கை-ஸ்கொயர் சோதனை போடுவது. அட்டவணை 4.1 பாலின வாரியாக, 4.2 வயது வாரியாக, 4.3 நகரமா கிராமமா. கடைசி அத்தியாயத்தில், பயனாளர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற பரிந்துரை. இந்தப் பரிந்துரை இல்லாத சர்வேயை நான் இன்னும் பார்க்கவில்லை. மாவட்டப் பெயரை மட்டும் மாற்றினால் திருநெல்வேலி ஆய்வு தர்மபுரி ஆய்வாகிவிடும்.

இரண்டாம் வகை, பிப்லியோமெட்ரிக்ஸ். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம் ஒன்றில் ஒரு தலைப்பைப் போட்டுத் தேடி, வந்த கட்டுரைகளின் விவரத்தை எல்லாம் இறக்கிக்கொள்வது. எந்த வருஷம் எத்தனை, எந்த நாடு எத்தனை, யார் அதிகம் எழுதினார்கள் என்று எண்ணுவது. ஒரு துறையில் நிறைய எழுதுகிறவர்கள் சிலரே, ஒரே கட்டுரையோடு நிற்பவர்களே பலர் என்று லோட்கா 1926இல் ஒரு விதி சொன்னார். ஒரு தலைப்பின் கட்டுரைகள் சில மைய இதழ்களில்தான் குவியும் என்று பிராட்ஃபோர்டு 1934இல் சொன்னார். இரண்டு விதிகளும் நம் தரவுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது மூன்றாம் அத்தியாயம். பிறகு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான விஓஎஸ்வியூவர் என்ற மென்பொருளில் போட்டால், கலர் கலராகக் குமிழ்கள் மிதக்கும் ஒரு வரைபடம் வரும். வைவாவில் அந்தப் படம் திரையில் வந்தாலே அறையில் ஒரு "ஆஹா" எழும். படம் என்ன சொல்கிறது என்று கேட்டால் பதில் வராது.

பிப்லியோமெட்ரிக்ஸ் தவறான ஆய்வு என்று நான் சொல்லவில்லை. நல்ல கேள்வியோடு செய்தால் அருமையான கருவி அது. எனக்குக் கோபம் வேறு இடத்தில்.

பரிசு என்பது அந்த வருஷத்துப் பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதில்லை. அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும் சேதி அது. ஜூனியர்கள் பட்டமளிப்பைப் பார்ப்பதில்லை, பரிசைத்தான் பார்க்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் கொரோனா பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் பிப்லியோமெட்ரிக்ஸுக்கு எங்கள் சங்கம் பரிசு கொடுத்தது. அடுத்த வருஷம் வந்து குவிந்ததில் பாதி அதே அச்சு. நோயின் பெயர் மட்டும் வேறு: டெங்கு, சர்க்கரை, மார்பகப் புற்றுநோய். கைடுகளுக்கும் நிம்மதி, திருத்த வேண்டியது குறைவு. அந்த வருஷத்து அலமாரித் தட்டைப் பார்த்தால் மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

ஆகவே, எதற்குப் பரிசு கொடுக்கிறோம் என்பது எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதுதான். குழுவின் முதல் கூட்டத்திலேயே இதைச் சொன்னேன். பேராசிரியர் சிரித்தார். "நீங்க புரட்சி பண்ண வந்திருக்கீங்களாம்மா?" என்றார். "இல்லை சார், நூலகம் நடத்துறேன்" என்றேன்.

இந்த இடத்தில் பெர்க்லியைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலே ஸ்கூல் ஆஃப் இன்ஃபர்மேஷன் என்று ஒரு பள்ளி இருக்கிறது. சவுத் ஹால் என்ற 1873ஆம் வருஷத்துக் கட்டடம், அந்த வளாகத்திலேயே மிகப் பழையது. அங்கேயும் முன்பு இருந்தது நூலகப் பள்ளிதான். 1990களின் நடுவில் அதைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். முதல் டீனாக வந்தவர் ஹால் வேரியன் என்ற பொருளாதார அறிஞர். பின்னாளில் கூகுளின் தலைமைப் பொருளாதார நிபுணர் ஆனவர். அங்கே இரண்டு வருஷ முதுகலையின் முடிவில் மாணவர்கள் இறுதி பிராஜெக்ட் செய்கிறார்கள். அவற்றில் சிறந்ததற்கு ஜேம்ஸ் ஆர். சென் பெயரில் ஒரு விருது. இணையவழி டேட்டா சயன்ஸ் முதுகலையின் பிராஜெக்டுகளுக்கு வேரியன் பெயரிலேயே இன்னொரு விருது.

எனக்கு அதில் பிடித்தது விருதின் தொகையோ வளாகத்தின் பெருமையோ இல்லை. அங்கே பெரும்பாலும் குழுவாகச் சேர்ந்து, யாரோ ஒருவருக்கு உண்மையில் இருக்கும் சிக்கலை எடுத்துக்கொண்டு, இயங்கும் ஒன்றைச் செய்துகாட்டுகிறார்கள். ஒரு செயலி, ஒரு தேடுபொறி, ஒரு கருவி, சில சமயம் ஒரு கள ஆய்வு. நம்மிடம் கேட்கிற முதல் கேள்வி எத்தனை பக்கம் என்பது. அங்கே கேட்பது இதை யார் பயன்படுத்துவார்கள் என்பது. சிலிகான் பள்ளத்தாக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் அப்படிக் கேட்கலாம் என்று சீனியர் சொன்னார். பாதி நியாயம்தான். ஆனால் அந்தப் பள்ளியில் பாடம் எடுத்த தபன் பரிக், அங்கே போவதற்கு முன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை எங்கே பரிசோதிக்கப்பட்டது தெரியுமா? நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களில். குழுக்களின் கணக்கைக் காகிதப் படிவத்திலேயே எழுதவிட்டு, கேமரா உள்ள செல்போனால் அந்தப் படிவத்தைப் படம் பிடித்துத் தகவலைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஏற்பாடு அது. குழு அக்காக்களின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு முனைவர் பட்டம் இருந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு கூகுள் ஃபார்ம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இந்த வருஷத்து பிராஜெக்டுகளுக்கு வருகிறேன்.

வந்தவற்றில் பெரும்பாலானவை மேலே சொன்ன இரண்டு வகை. அவற்றை நாங்கள் முதல் சுற்றிலேயே பிரித்து வைத்துவிட்டோம். ஒரு பிப்லியோமெட்ரிக்ஸ் மட்டும் நின்றது. சுத்தமான வேலை, தரவை நேர்மையாகச் சலித்திருந்தான் பையன். ஒரே ஆராய்ச்சியாளரின் பெயர் மூன்று விதமாக வருவதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கியிருந்தான். பேராசிரியருக்கு அதுதான் முதல் இடம். "நாளைக்கே ஜர்னலுக்கு அனுப்பலாம்" என்றார். அனுப்பலாம்தான்.

இரண்டாவதாக நின்றது ஒரு கிளை நூலகத்தைப் பற்றியது. மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே பெண்கள் ஏன் வருவதில்லை என்பது கேள்வி. பையன் கேள்வித்தாளை நம்பவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து மணி வாரியாகப் பிரித்திருந்தான். நூலக வாசலில் மாலை நேரங்களில் நின்று பார்த்திருந்தான். கடைசி அத்தியாயத்தில் விழிப்புணர்வு என்ற வார்த்தையே இல்லை. கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. தெருமுனை விளக்கு எரிவதில்லை. செய்தித்தாள் மேஜையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்த பிறகு பெண்கள் உட்கார வேறு மேஜை இல்லை. மூன்றே வரி. வீட்டு வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிற ஊர் இது. நாட்டிலேயே பொது நூலகத்துக்கென்று 1948இலேயே சட்டம் போட்ட மாகாணம். சாவி யாரிடம் என்று கேட்க ஒரு எம்.லிஸ். பிராஜெக்ட் வேண்டியிருந்தது.

மூன்றாவது, நான் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொண்டது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. தலைப்பைக் கேட்டால் தூக்கம் வரும்: "ஒரு தனியார் வாசகசாலையின் தமிழ் நூற்பட்டியலுக்கான பெயர் ஆணைக்கோப்பு." பேராசிரியர் தலைப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பெயர்ப் பட்டியலா? இதில் ஆராய்ச்சி எங்கே?"

சொல்கிறேன். ஆணைக்கோப்பு என்பது ஓர் எழுத்தாளரின் பல பெயர் வடிவங்களையும் ஏற்றுக்கொண்ட ஒரே பெயரோடு இணைக்கும் பதிவுகளின் தொகுப்பு. நூலகத்துக்கு வாசகர் வந்து எப்படிக் கேட்பார்? "லா.ச.ரா. ஏதாவது இருக்கா?" "தி.ஜா. இருக்கா?" "மு.வ. புத்தகம் எந்த ரேக்?" என்றுதான். லா. ச. ராமாமிர்தம் என்று முழுப் பெயர் சொல்லி எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் பட்டியலிலோ ஒருவர் 'லா.ச.ராமாமிருதம்', இன்னொருவர் 'ராமாமிர்தம், லா.ச.', மூன்றாமவர் ஆங்கில எழுத்தில். புத்தகம் அலமாரியில் இருக்கும். திரை இல்லை என்று சொல்லும். வாசகர் கணினியை நம்பித் திரும்பிப் போய்விடுவார். 

வெளிநாட்டு விதிகளை மனப்பாடம் செய்து, குடும்பப் பெயரை முன்னால் போடு என்று பழகிய கை நம்முடையது. உண்மையில் ஏஏசிஆர்2 என்ற அந்த நூற்பட்டியல் விதிகளிலேயே தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பெயர்களுக்குத் தனியாக இடம் உண்டு. குடும்பப் பெயர் இல்லாவிட்டால் இயற்பெயரில் பதியச் சொல்கிறது. அதையும் தாண்டிப் புனைபெயர்கள். கல்கி என்று கேட்பவருக்கு ரா. கிருஷ்ணமூர்த்தி தெரிய வேண்டியதில்லை, ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரிலோ தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர். கல்கி என்று தேடினால் பத்திரிகையின் பழைய பைண்டு வால்யூம்களும் வந்து நிற்கும். புதுமைப்பித்தனுக்கும் சொ. விருத்தாசலத்துக்கும் முடிச்சுப் போட வேண்டும். எஸ். ரங்கராஜன் எழுதிய புத்தகத்தை சுஜாதா என்றுதான் கேட்பார்கள், அது அவர் மனைவியின் பெயர்.

அந்தப் பெண் செய்தது இதுதான். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு பதிவு. நூலகப் பதிவுகளைக் கணினியில் வைக்கும் மார்க் வடிவத்தில், 100ஆம் புலத்தில் (அதாவது கட்டத்தில்) ஏற்றுக்கொண்ட பெயர். 400ஆம் புலங்களில் மற்ற எல்லா வடிவங்களும்: இனிஷியல் முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் வரும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல், வாசகர் வாயில் வரும் சுருக்கம். கோஹா என்ற நூலக மென்பொருளில் இந்த 400களையும் சேர்த்துத் தேடும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கிவிட்டு இன்டெக்ஸை மறுபடி ஓட்ட வேண்டும். பல நூலகங்களில் அதை யாரும் தொட்டதே இல்லை. தொட்டாலும் பயன் இல்லை, ஆணைக்கோப்பு காலியாகக் கிடந்தால் அது எதைத் தேடும்?

டெமோ அன்றைக்கு அவளுடைய லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். 'லா.ச.ரா' என்று இடைவெளி விடாமல் அடித்தேன். வந்தது. 'லாசரா' என்று அடித்தேன். வந்தது. பிறகு வேண்டுமென்றே வில்லங்கமாக ஒன்று செய்தேன். ஔவையார் என்று அடிப்பதற்குப் பதிலாக, ஒ அடித்து ள அடித்து வையார் என்று முடித்தேன். பார்த்தால் 'ஒளவையார்'. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு முதலாவது ஔ என்ற ஒரே எழுத்து. இரண்டாவது ஒ, ள என்ற இரண்டு எழுத்து. தமிழ்நாட்டு நூலகப் பட்டியல்களில் பாதி ஔவை இப்படித்தான் ஒளிந்துகொண்டிருக்கிறாள். என்டர் தட்டினேன். ஆத்திசூடி உரைகள் வரிசையாக வந்தன.

"இது எப்படிம்மா?"

"மேம், முதல்ல எல்லா ஒ-ள-வையும் மொத்தமா ஔ-ன்னு மாத்திட்டேன். அப்புறம் பாத்தா 'ஒளி'ன்னு வர்ற தலைப்பெல்லாம் நாசமாப் போச்சு."

பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன். ள-வுக்குப் பின்னால் ஏதாவது உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் விட்டுவிடு. ஒளி, ஒளிர், ஒள்ளிய எல்லாம் பிழைத்துக்கொள்ளும். ள வெறுமனே நின்றால் மட்டும் ஔ ஆக்கு. ஔவை, ஔடதம், ஔரங்கசீப் சரியாகும். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம்கூட அலட்டல் இல்லை. நான்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இன்னொன்று. 'சொ' என்ற எழுத்தை, கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுத் தரமான யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகத் தனித்தனியாகவும் வைக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். இதை நேர்ப்படுத்த யூனிகோடிலேயே முறை இருக்கிறது, ஒரு சின்ன நிரல் போதும். ஔ-வுக்கு அந்த முறை உதவாது, ஏனென்றால் ஒ-வும் ள-வும் உண்மையிலேயே வேறு எழுத்துகள். அதனால்தான் அவள் தனி விதி எழுத வேண்டியிருந்தது. இந்த வித்தியாசம் தெரிந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. சீனியர் அப்போதுதான் வீடியோவில் கேமராவை ஆன் செய்தார்.

அந்த வாசகசாலையின் பழைய பட்டியல் யூனிகோடே இல்லை. 1999இல் அரசு டாம், டாப் என்று தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் குறியேற்றங்களை அறிவித்தது. அதற்குப் பிறகும் டிடிபி கடைக்கு ஒரு ஃபான்ட், ஆபீஸுக்கு ஒரு ஃபான்ட். 2010இல்தான் யூனிகோடும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றமும் அரசின் தரம் ஆயின. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான பட்டியல்களை இன்றைக்குத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியுமாக ஏதோ சாபம் மாதிரி தெரியும். அதை மாற்றி, மாற்றியதைப் புத்தகத்தின் முகப்புத்தாளோடு ஒப்பிட்டு, ஒரே பெயரில் இரண்டு கவிஞர்கள் இருந்தால் பதிப்பகத்துக்குப் போன் போட்டு விசாரித்து வேலை செய்திருக்கிறாள். ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு போட்டுவிட்டு மறைந்துபோன உள்ளூர்க் கவிஞரைப் பற்றி ஊர்ப் பழைய புத்தகக் கடைக்காரர் சொன்ன தகவலும் பதிவின் குறிப்புப் புலத்தில் தேதியோடு இருக்கிறது, யார் சொன்னது என்ற விவரத்தோடு. எனக்குத் தெரிந்து நாட்டின் பெரிய நூலகம் எதிலும் அந்தக் கவிஞருக்கு ஆணைப் பதிவு இருக்க வாய்ப்பில்லை.

குறைகளும் இருந்தன. முன்னாய்வு அத்தியாயம் மெலிவு. ஆங்கிலம் தடுமாறுகிறது, எங்கள் பிராஜெக்டுகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட வேண்டும், தமிழ்ப் பட்டியலைப் பற்றியதானாலும். பக்க எண் பொருளடக்கத்தோடு ஒத்துவரவில்லை. பேராசிரியர் இவற்றையெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. ஆய்வுக்கு ஒரு கேள்வி வேண்டும், முறை வேண்டும், அடுத்தவர் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும் என்பது அவர் வாதம். நான் சொன்னது, முறை இருக்கிறது சார், அத்தியாயத்தில் இல்லை, நிரலில் இருக்கிறது. எந்தப் பதிவை ஏன் அப்படி முடிவு செய்தாள் என்பது குறிப்புப் புலத்தில் இருக்கிறது. திரும்பச் செய்து பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?

சீனியர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். "இப்போ ஏஐகிட்ட கொடுத்தா ஒரே ராத்திரில முடிச்சிடும்." முடிக்கும். இரண்டு கவிஞர்களை ஒரே ஆளாக்கியும் முடிக்கும். சரிபார்க்கிறவர் யார் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு மாதிரி ஒருத்தர்தான்" என்றார் அவரே. அவருடைய ஓட்டு அந்த நிமிஷம் என் பக்கம் சாய்ந்தது.

இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனை இழுக்காமல் எந்த நூலகராலும் ஒரு பதிவு எழுத முடியாது, நானும் விதிவிலக்கு இல்லை. கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பார், பிள்ளைகள் ஐந்தையும் ஒப்பிப்பார்கள். 1934இல் அவர் வெளியிட்ட கேட்டலாக் விதித்தொகுப்பில் இந்தியப் பெயர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அந்த மனிதர் தன் சேமிப்பு ஒரு லட்ச ரூபாயை, 1950களின் ஒரு லட்சம், மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலகத் துறையில் ஒரு பரிசுத் தொகைக்கு, ஒரு அறக்கட்டளைக்கு எங்களுக்கு இருக்கும் முன்மாதிரி அதுதான். ஐயாயிரம் ரூபாயாக இருந்தாலும் அந்த வழியில் வருகிற காசு. அதைக் குமிழ்ப் படத்துக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. பேராசிரியரிடம் இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "சார், நாலாவது விதி" என்று மட்டும் சொன்னேன். அவர் அதே துறையில் முப்பது வருஷம் அந்த விதியைப் பாடம் எடுத்தவர்.

இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. முதல் பரிசு கோவில்பட்டிப் பெண்ணுக்கு. கழிப்பறைச் சாவிப் பையனுக்குச் சிறப்புப் பரிசு என்று ஒன்றை அந்த இடத்திலேயே உண்டாக்கினோம். தொகை சீனியரின் சொந்தப் பணம். பிப்லியோமெட்ரிக்ஸ் பையனுக்குப் பரிசு இல்லை, ஆனால் பேராசிரியர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கட்டுரையைத் திருத்திக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவனுக்கு அது ஷீல்டை விடப் பெரிது என்பேன்.

முடிவை அறிவித்த கையோடு சங்கத்துக்கு மூன்று திருத்தம் எழுதிக்கொடுத்தேன். ஒன்று, போட்டிக்கு வரும் ஒவ்வொரு பிராஜெக்டும் ஒரு பக்கம் தமிழில், நூலகத் துறை தெரியாத ஒருவருக்குப் புரியும்படி சுருக்கம் தர வேண்டும். இரண்டு, தரவு, நிரல், படிவம் எது இருந்தாலும் பிறர் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க வேண்டும். ரெக்ஸின் அட்டைக்குள் சிடி ஒட்டித் தருவது செல்லாது. அந்த சிடியைப் போட இன்றைக்கு லேப்டாப்பில் துளையே இல்லை. மூன்று, பரிசில் பாதியை விழாவிலும் மீதியை ஆறு மாதம் கழித்தும் கொடுக்க வேண்டும், அதுவும் அந்த வேலையை எங்காவது ஒருவராவது பயன்படுத்துகிறார் என்று காட்டினால் மட்டும்.

முதல் இரண்டுக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மூன்றாவதில் பொருளாளர் அண்ணாச்சி மாட்டிக்கொண்டார். விழா பிப்ரவரியில், ஆறு மாதம் என்றால் ஆகஸ்டு, மார்ச் 31இல் கணக்கு முடித்தாக வேண்டும், பாதித் தொகையை எந்தத் தலைப்பில் தூக்கிப்போடுவது? "ஆடிட்டர் கேட்டா நான் என்னம்மா சொல்ல?" தனி வவுச்சர் போட்டு நிலுவைத் தொகையில் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆணைக்கோப்பை எங்கள் கல்லூரி கோஹாவில் ஏற்றும் வேலை அதுவரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறோம். உங்கள் நூலகத்துக்கும் வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பிவைக்கச் சொல்கிறேன்.